படத்தில் இருந்த முற்றம்

முடிச்சூர்
8 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். டிசம்பர் மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது, சுவரில் கறைதான் போக மாட்டேன் என்கிறது. தம்மாமில் குளிர் எப்படி? உங்கள் முதுகுவலி குறைந்ததா?

ஒரு சந்தோஷமான சேதி. போனில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் ஆளுக்கொன்று கேட்பார்கள், சொல்ல வந்ததே நின்றுபோகும். அதனால் நம் பழைய வழக்கப்படி எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் நம் காம்பவுண்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து போய்க்கொண்டிருந்தது அல்லவா? அதை வரையும் வேலை எங்கள் ஆபீசுக்கே வந்திருக்கிறது. ஜெபசீலன் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ பொறந்த இடம்தானே ஃபஹீமா? நீயே பண்ணு" என்றார். இத்தனை வருஷமாக யார் யார் வீட்டுக் கழிவறைக் கதவோ எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தவள் நான். 

நடுவில் முற்றம் அப்படியே இருக்கும். இப்போது இருப்பதைவிடப் பெரியதாகவே வைத்திருக்கிறேன். கடைத்தெருவைப் பார்த்தபடி கடைகள். அவற்றுக்குப் பின்னால், முற்றத்தைச் சுற்றி நம் ஏழு குடும்பங்களின் வீடுகளும் தரைத்தளத்திலேயே. ஃபிரெடியின் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு வாசலில் கொண்டுவந்து உட்கார வைக்கலாம். மேலே மூன்று மாடி கம்பெனி விற்றுக்கொள்ளும் பங்கு. நீங்கள் ஊருக்கு வந்தால் ஏ.சி. சர்வீஸ் கடை போட, தெருவைப் பார்த்த மூலைக் கடை.

ஏழில் நான்கு பேர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முக்கியமாக வடிவேலு அண்ணன். மோட்டார் காயில் கட்டும் கடையை விட்டு ஒரு நாள்கூட நகர மாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

துஆவில் என்னை நினையுங்கள்.

உங்கள் தங்கை
ஃபஹீமா


தம்மாம்
30 ஜனவரி 2024

அன்புத் தங்கை ஃபஹீமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் கிருபையால் நான் நலம். முதுகுவலி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "தங்கச்சி ஆர்க்கிடெக்டா?" என்று கேட்டவர்களிடம் நீ கூட வைத்திருந்த படத்தையும் காட்டினேன். முற்றத்தில் நீ வரைந்திருக்கும் மரம் என்ன மரம் என்று, அன்றைக்கு வந்திருந்த நண்பன் சாதிக் கேட்கிறான்.

வடிவேலுவிடம் பேசினேன். ஃபிரெடியிடமும் மற்ற இரண்டு பேரிடமும் பேசினேன். வடிவேலு சொன்னது இதுதான்: "கம்பெனிய நான் நம்பல அயூபு. உன் தங்கச்சி வரையுதுன்றதால போடறேன். அது நம்ம பாத்து வளந்த பொண்ணு." அத்தா இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தைக்குத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். என் வீட்டு வாசற்படி முற்றத்தில் இறங்க வேண்டும். இங்கே இருபத்திரண்டு வருஷமாக லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் வாழ்க்கை போகிறது. கதவைத் திறந்தால் தரை, தரையில் நாலு மனுஷர். அது போதும்.

உன் அண்ணன்
அயூப்


முடிச்சூர்
26 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உங்களுக்கு அந்த வெயிலில் எப்படியோ என்று தினமும் நோன்பு திறக்கும்போது பேசிக்கொள்கிறோம்.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வீடு காலி செய்வதும் தொடங்கியாயிற்று. அண்ணி எழுதியிருப்பார், சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு கிடைத்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரம். வடிவேலு அண்ணனும் ஃபிரெடி குடும்பமும் கோவிலம்பாக்கத்துக்குப் போகிறார்கள். ஃபிரெடிக்கு இரண்டாவது மாடிதான் கிடைத்தது. "ரெண்டு வருஷம்தானே, ஓட்டிடலாம்" என்கிறார்.

அங்காளம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டது. நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து காம்பவுண்டு வாசலில் மீன் விற்கும் அங்காளம்மாள்தான், இன்னும் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறது.

"இன்னா பாப்பா, நீதான் படம் போடறியாமே? என்னை எங்க வெச்சிகிற அதுல?"

"சொல்லுங்க, எங்கே வேணும்?"

"எனக்கு இன்னா, மாளிகையா? கூடைய வெச்சிக் குந்த ஒரு கல்லு. கைய கயுவ ஒரு கொயா. அவ்ளோதான்."

அன்றே வரைந்தேன். வாசலுக்கு இடப்புறம் இரண்டடி அகலக் கல் மேடை, பக்கத்தில் குழாய், தண்ணீர் ஓடச் சிறிய வாய்க்கால். ஏழு பங்குதாரர்களிலும் இல்லாத, வாடகைக்கும் இல்லாத ஒரு ஆளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாயே என்று ஜெபசீலன் சார் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

தங்கை
ஃபஹீமா


தம்மாம்
18 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

சலாம். எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து, தாமதமாக. நாங்கள் பெருநாள் தொழுகை முடித்து பிரியாணி சமைத்தோம். அரிசி குழைந்துவிட்டது, ஆனாலும் சட்டி காலி.

அங்காளம்மாளுக்கு இடம் வைத்தது நல்ல காரியம். அந்தக் குழாயை மட்டும் கம்பெனிக்காரன் வீண் செலவு என்று விட்டுவிடப் பார்ப்பான், கட்டாயம் போட வை.

இடிக்கும்போது நீ போகாதே. உனக்குத் தாங்காது. உன் அண்ணி மெஹர் பானுவையும் போக விடாதே.

எப்போது முடியும் என்று அவர்கள் சொல்கிற தேதியை நம்பலாமா? சும்மாதான் கேட்கிறேன்.

அயூப்


முடிச்சூர்
1 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் கொளுத்துகிறது, மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் போகாதே என்றீர்கள். போக வேண்டியதாயிற்று, வேலையே அதுதானே. மஞ்சள் ஹெல்மெட் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். நம் வீட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மண்வெட்டி போல இயந்திரத்தின் கை வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்ததுதான் தெரியும், உள்ளே நாம் பூசிய பச்சை வண்ணம் தெருவுக்குத் தெரிந்தது. யார் யாரோ போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா இருந்த அறையை அப்படிப் பார்க்கக் கொடுத்தது எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வடிவேலு அண்ணன் வந்திருந்தார். கடைசி லாரி போகும்வரை நின்றார். "அயூபுக்கு எயுது, எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னு" என்றார். எழுதிவிட்டேன்.

இனி அனுமதி வர வேண்டும். வந்தால் வேகமாகப் போகும்.

ஃபஹீமா


தம்மாம்
29 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

சலாம். பக்ரீத் நல்லபடியாகக் கழிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பச்சை வண்ணம் நான் அடித்தது. பிளஸ் டூ லீவில், அத்தா வாங்கி வந்தது குறைந்துபோய் வடிவேலு வீட்டில் மிச்சமிருந்ததைக் கலந்து அடித்தோம். அதனால்தான் ஒரு மூலை மட்டும் கருத்திருக்கும்.

இனிமேல் கடிதத்தைக் கீழே இருக்கும் விலாசத்துக்கு எழுது. சாதிக்கின் அறை. இங்கே வசதி.

ஏழு வீடுகளில் ஒன்றிரண்டை மட்டும் முதலில் முடித்துக் கொடுக்க முடியுமா? முற்றத்துப் பக்கம் முதலில் எழும்பினால் போதும். மற்றது மெல்ல ஆகட்டும். கேட்டுப் பார்.

அயூப்


முடிச்சூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆபீசில் வேலை அதிகம்.

ஒன்றிரண்டு வீடுகளைத் தனியாக முடிக்க முடியாது, அண்ணா. எல்லாம் ஒரே அஸ்திவாரத்தில் வருகிறது.

படத்தில் சில திருத்தங்கள் கேட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய விஷயமில்லை.

உங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் என்ன ஆயிற்று? ஏன் சாதிக் அண்ணன் அறை? அண்ணியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஃபஹீமா


தம்மாம்
20 அக்டோபர் 2024

ஃபஹீமாவுக்கு,

சலாம். நலம்.

வடிவேலு போன் செய்தான். கம்பெனி ஆபீசில் புதுப் படம் மாட்டியிருக்கிறார்களாம். அதில் முற்றம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டான். தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எங்கே இருக்கிறது?

அயூப்


முடிச்சூர்
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்: முற்றம் இல்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் வரைந்தது தரைத்தளமும் மூன்று மாடியும். அந்த உயரம்வரை, பழைய கடைத்தெரு என்பதால், மனையின் ஓரம்வரை கட்டிக்கொண்டு நடுவைத் திறந்துவிடலாம். இடித்து முடித்த பிறகு ஜூன் கடைசியில் கம்பெனி மாடிகளை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது. உயரம் கூடினால் கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் தீயணைப்பு வண்டி போக வழி விட வேண்டும். அது தப்பான சட்டம் இல்லை, அண்ணா. நாளைக்குத் தீப்பிடித்தால் வண்டி வர வேண்டாமா? ஆனால் ஓரத்தையெல்லாம் திறந்துவிட்டால் கட்டடம் நடுவுக்குத்தான் போக வேண்டும். நடுவில் வெளியும் ஓரத்தில் வீடுமாக இருந்த மனை, நடுவில் கட்டடமும் ஓரத்தில் வெளியுமாகத் திரும்பிவிட்டது. சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிய மாதிரி.

கூட்டத்தில் நான் பேசினேன். கம்பெனி மேனேஜர் குணா மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், முற்றம் அழகுதான். ஆனா வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறது கார் பார்க்கிங். முற்றத்தை யாரும் கேக்கல."

"அங்கே இருந்தவங்க கேட்டாங்க."

"அவங்களுக்குச் சேர வேண்டிய சதுர அடியில ஒரு அடிகூட குறையாது மேடம். அக்ரிமெண்ட்ல அதுதானே இருக்கு?"

அதுதான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் முற்றம் என்ற சொல்லே இல்லை. அது நான் வரைந்த படத்தில்தான் இருந்தது. நீங்கள் எல்லாருக்கும் சொன்னது அந்தப் படத்தைத்தான்.

தரைத்தளம் முழுக்க இப்போது தூண்களும் கார்களும். தெருவைப் பார்த்த கடைகளை ஒன்றாக்கி ஒரே பெரிய ஷோரூமுக்கு விடுகிறார்கள். வடிவேலு அண்ணனுக்கும் உங்களுக்கும் கடை உண்டு, உள்ளே, லிஃப்டுக்குப் பக்கத்தில். வீடுகள் ஏழும் பின்பக்கம், மூன்றாவது மாடிக்கு மேல்.

இதையெல்லாம் ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றிவிடுவேன் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். முதலில் முற்றத்தில் பாதியாவது, பிறகு ஒரு மூலையாவது, பிறகு அங்காளம்மாளின் கல் மேடையாவது. கடைசியில் கிடைத்தது ஒன்றுதான். பின்பக்க வீடுகளின் சமையலறைகளுக்கு நடுவே ஆறடி அகலத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு திறப்பு. வெளிச்சமும் காற்றும் வரும். அதற்கே மூன்று மாதம் ஆயிற்று.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஜெபசீலன் சாரிடம் சொன்னேன். "விடும்மா, தடுக்க மாட்டேன். உன் இடத்துக்கு வர்ற பையன் அந்த ஆறடியையும் மூடிடுவான். அவனுக்கு அது யார் வீடுன்னு தெரியாது" என்றார். அவர் என்னைப் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்காளம்மாளைப் போன வாரம் பார்த்தேன். சைட்டைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டதால் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் கூடையை வைத்திருந்தது. "ஒரு நாளைக்கு நாலு தபா எந்திரிங்கறானுங்க பாப்பா. பேஜாரா கீது. எப்போ முடியும், எப்போ நம்ம கல்லு வரும்?" என்றது. நான் சீக்கிரம் என்றேன். அண்ணா, நான் சீக்கிரம் என்று சொன்னேன்.

ஃபிரெடியின் அம்மா கோவிலம்பாக்கத்தில் அந்த இரண்டாவது மாடியிலிருந்து மார்ச்சுக்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஃபஹீமா


முடிச்சூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நவம்பருக்குப் பிறகு இது என் மூன்றாவது கடிதம். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அண்ணியைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். நீங்கள் நலமா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அனுமதி வந்துவிட்டது. தூண்கள் எழும்புகின்றன.

ஃபஹீமா


சிங்கப்பெருமாள் கோவில்
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஃபஹீமாவுக்கு,

சலாம். மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்காதே. டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டேன். மெஹர் பானுவை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

தம்மாமில் எங்கள் கம்பெனியை மே மாதமே மூடிவிட்டார்கள். சாதிக் தன் அறையில் ஒரு கட்டில் கொடுத்தான். ஏதாவது கிடைக்கும் என்று அலைந்தேன். ஐம்பத்து மூன்று வயது ஏ.சி. மெக்கானிக்குக் கொடுக்க எவனிடமும் வேலை இல்லை. வீடு முடிந்துவிட்டால் தலைநிமிர்ந்து வந்து இறங்கலாம் என்றுதான் உன்னைத் தேதி கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் எழுதவில்லை. நீ மறைத்ததற்கு உன்னைத் திட்ட எந்த வாயால் திட்டுவேன்?

போன மாதம் ஒரு நாள் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரம் போனேன். தாம்பரம் வந்தபோது இறங்கி உன் வீட்டுக்கு வரலாமா என்று எழுந்து நின்றேன். கதவருகே கூட்டம். வண்டி நகர்ந்துவிட்டது. கூட்டம் இல்லாவிட்டாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியாது.

தகரச் சந்து வழியாக உள்ளே பார்த்தேன். எது நம் வீடு, எது முற்றம் என்று கால்வைத்து அளந்து பார்க்க நினைத்தேன். வாட்ச்மேன், "இன்னா சார், ஃபிளாட் பாக்க வந்தியா? ஆபீஸ் அந்தாண்ட கீது" என்றான். ஆமாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அங்காளம்மாளைத் தேடினேன். பஸ் ஸ்டாப்பில் இல்லை. பூக்காரம்மா, அது இரண்டு மாதமாக வருவதே இல்லை, எங்கே உட்காருகிறது என்று தெரியாது என்றாள்.

அங்கிருந்து கோவிலம்பாக்கம் போய் வடிவேலுவைப் பார்த்தேன். வாடகைக்குச் சின்னக் கடை பிடித்து மோட்டார் கட்டிக்கொண்டிருந்தான். அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்ற எண்ணத்தில்தான் போனேன். "உன்ன நம்பிக் கையெழுத்துப் போட்டேனேடா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தான். "எப்போ வந்த? எளச்சிட்ட. குந்து" என்றான். டீ சொன்னான். நானே பேச்சை எடுத்தேன்.

"வடிவேலு, நான் சொல்லித்தானே நீ…"

"வுடு அயூபு. நீ இன்னா பண்ணுவ, அந்தப் பொண்ணு இன்னா பண்ணும். நம்மளக் கேட்டுட்டா கட்டறானுங்க? டீ ஆறுது, குடி."

குடித்தேன். 

அவன் பல்லாவரத்துக்குத் திரும்பவில்லை. லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள் என்கிறான். கடையையும் வீட்டையும் வாடகைக்கு விடப் போகிறான். ஃபிரெடி தன் பங்கை விற்க ஆள் பார்த்துவிட்டான், அம்மாவுக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு எங்கே கிடைத்தாலும் சரி என்கிறான். மற்றவர்களும் அநேகமாக அப்படித்தான். நாங்களும் இங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பழகிவிட்டது. எனக்கு இங்கே பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஏ.சி. பராமரிப்பு, ஷிப்ட் வேலை. அடுத்த வாரம் சேர்கிறேன்.

ஆக, நீ வரைந்த வீடுகளில் நம் ஆட்கள் யாரும் இருக்கப் போவதில்லை. இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்று நினைத்து ஒரு மாதமாகச் சொல்லாமல் இருந்தேன்.

அந்த ஆறடித் திறப்பை விட்டுவிடாதே. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கும் அடுப்பங்கரை இருக்கும்.

மெஹர் பானு சலாம் சொல்கிறாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறாள். வராதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குப் பதிலை முதலில் தபாலில் போடு, ஃபஹீமா. அரை மணி நேர ரயில் தூரம்தான், தெரியும். உன்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அண்ணன்
அயூப்